முயலுக்குக் கடைவாய்ப் பல் என்று ஒன்று இருக்கிறது

யூடியூபில் முயலுக்குப் பல் வெட்டுவது எப்படி என்று தேடிப் பாருங்கள். வேண்டாம், பார்க்காதீர்கள், இங்கேயே சொல்லிவிடலாம். துண்டில் சுற்றிய முயல் ஒன்று மடியில் கிடக்கும். ஒரு கை அதன் உதட்டை விலக்கும். இன்னொரு கையில் நெயில் கட்டர். 'டக்' என்று ஒரு சத்தம். வேலை முடிந்தது, லைக் போடுங்கள், சப்ஸ்கிரைப் செய்யுங்கள்.

(முயல் லைக் போட்டிருக்காது.)

இந்த வைத்தியம் யூடியூபோடு நிற்பதில்லை. செல்லப்பிராணி விற்கும் கடையில் சொல்வார்கள். எப்போதோ நாலு முயல் வளர்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். "அது நகம் மாதிரிதாங்க, வெட்டினா ஒண்ணும் ஆகாது."

ஆகும். முயலின் முன்பல்லுக்குள் ரத்தமும் நரம்பும் ஓடும் பல்கூழ் இருக்கிறது. கட்டரை வைத்து அமுக்கும்போது பல் நேராக அறுபடாமல் நீளவாக்கில் விரிசல் விடும். விரிசல் ஈறுக்குள் இறங்கினால் கிருமி உள்ளே போக வழி திறந்தாகிவிட்டது. சில வாரமோ சில மாதமோ கழித்துத் தாடையில் ஒரு கட்டி எழும்பும். அந்த எபிசோடை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. கால்நடை மருத்துவர் இதே வேலையை வேகமாகச் சுழலும் சின்ன டிரில்லால் தேய்த்துச் செய்வார். விரிசல் விடாது, பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

ஆனால் கட்டர் விவகாரம் பாதி எரிச்சல்தான். மீதி எரிச்சல் வேறு. வளர்ந்த முயலுக்குத் திடீரென்று முன்பல் நீண்டுவிட்டால், பெரும்பாலும் கோளாறு முன்பல்லில் இல்லை, பின்னால் இருக்கிறது. கடைவாயில் ஏதோ கெட்டுப்போய், மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகப் பொருந்தாமல், முன்பற்கள் ஒன்றோடொன்று உரசாமல் போய்த்தான் நீள்கின்றன. முன்னால் வெட்டி வெட்டி விட்டால், பின்னால் இருப்பது யார் கண்ணிலும் படாமல் முற்றிக்கொண்டே போகும்.

முதலில் அந்த வாய்க்குள் என்னதான் இருக்கிறது?

28 பற்கள். முன்னால் கீழே இரண்டு, மேலே நான்கு. "மேலே ரெண்டுதானே தெரியுது?" என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்வி. தெரிகிற இரண்டுக்கும் பின்னால், அவற்றை ஒட்டியே, மிகச் சிறிய இரண்டு பற்கள் ஒளிந்திருக்கின்றன. எலிக்கும் அணிலுக்கும் இந்தக் குட்டிப் பற்கள் கிடையாது. முயலை நெடுங்காலம் எலி, அணில் வகையறாவோடு ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்கள். 1912-இல் கிட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் முயல்களைத் தனி வரிசையாகவே பிரித்துவிட்டார். (ஆகவே முயலும் எலி வகைதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.)

கோரைப்பல் இல்லை. முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் ஈறு. அதைத் தாண்டி, கன்னத்தின் மறைவில், மேலே பக்கத்துக்கு ஆறு, கீழே பக்கத்துக்கு ஐந்து என்று 22 கடைவாய்ப் பற்கள். வீட்டில் முயல் வளர்ப்பவர்களில் பலர் வருடக்கணக்கில் வளர்த்தும் இந்த 22-ஐயும் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முயலின் வாய் அவ்வளவு குறுகலாகத்தான் திறக்கும்.

இந்த 28-ம் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள். நமக்கு இருப்பதுபோல் மூடிய வேர் கிடையாது. அடிப்பகுதி திறந்தே இருக்கிறது, அங்கிருந்து புதுப்பல் உற்பத்தியாகி மேலே வந்துகொண்டே இருக்கிறது. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். தேயாமலே விட்டால் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர். முயலின் தலையே அவ்வளவுதான் நீளம்! கடைவாய்ப் பற்கள் இதைவிட மெதுவாக வளரும், ஆனால் அவையும் நிற்பதில்லை.

ஆக, வளர்கிற வேகத்துக்குத் தேய வேண்டும். எது தேய்க்கும்?

இங்கேதான் கேரட் வருகிறது.

"கேரட் கடினமா இருக்கில்ல, கடிச்சா பல்லு தேயும்" என்பது முயல் வளர்ப்பவர்களிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை. இதற்குப் பாதிப் பொறுப்பு பக்ஸ் பன்னி. 1940-இல் திரைக்கு வந்த அந்தக் கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுவதற்கு, 1934-இல் வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் கேரட் தின்றபடி வாய் ஓயாமல் பேசும் காட்சிதான் தூண்டுதல் என்று சொல்வார்கள். அதாவது ஹாலிவுட் நடிகர் ஒருவர் கேரட் தின்றார், அவரைக் கிண்டல் செய்து ஒரு முயல் கேரட் தின்றது, அதைப் பார்த்து நம் வீட்டு முயலுக்கும் கேரட் போடுகிறோம். காட்டு முயல் கிழங்கு தோண்டித் தின்று வாழும் பிராணியே அல்ல. கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் தப்பில்லை, அதுவே சாப்பாடு என்றால் தப்பு.

பல் தேய்வதற்குக் கடினம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். புல்லைத் தின்னும்போது முயலின் கீழ்த்தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வரும். ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்கூட இந்த அசைவு நடக்கும், ஒரு நாளில் பல மணி நேரம். புல்லுக்குள் இருக்கும் நுண்ணிய மணல் சத்தும் (சிலிக்கா) சேர்ந்து பல்லின் முழு மேற்பரப்பையும் சீராகத் தேய்க்கும். அதே முயலுக்குத் தீவன உருண்டையோ கேரட்டோ கொடுங்கள். தாடை மேலும் கீழுமாக நாலு இடி இடித்துவிட்டு நிறுத்திவிடும். இது உரல். ஆட்டுகிற வேலை நடக்கவே இல்லை. வயிறும் சீக்கிரம் நிரம்பிவிடும், மிச்ச நேரம் பல் சும்மா இருக்கும், சும்மா இருக்கும் பல் வளரும்.

முயலின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு அசைவு குறைந்தால் பற்களின் ஓரம் மட்டும் தேயாமல் நின்றுவிடும். கீழ்ப்பற்களில் அந்த ஓரம் நாக்குப் பக்கம் கூராக முளைக்கும்; மேற்பற்களில் கன்னத்துப் பக்கம் முளைக்கும். நாக்கு அசையும்போதெல்லாம் கீறல். சாப்பிட ஆசை இருக்கும், தட்டுக்குப் பக்கத்தில் வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். "இதுக்குக் கொழுப்பு, கீரையை மட்டும் பொறுக்கித் தின்னுது" என்று வீட்டில் திட்டு வேறு விழும்.

உணவு விஷயத்தை எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு அது. 32 டச்சு இன முயல்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உலர்புல் மட்டும். ஒன்றுக்கு உருண்டைத் தீவனமும் உலர்புல்லும். மூன்றாவதுக்கு மூஸ்லியும் உலர்புல்லும். நான்காவதுக்கு மூஸ்லி மட்டும். (மூஸ்லி என்பது தானியம், காய்ந்த பட்டாணி, கலர் கலர் வில்லைகள் எல்லாம் கலந்து கண்ணைப் பறிக்கும் பாக்கெட்டில் வருமே, அது.) 17 மாதம் இப்படியே வளர்த்து, இடையிடையே எக்ஸ்ரே எடுத்தார்கள். மூஸ்லி தின்ற குழுக்களில் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நீண்டும் வளைந்தும் போயிருந்தன. உலர்புல் மட்டும் தின்றவை நன்றாக இருந்தன. மூஸ்லியில் இன்னொரு வம்பும் உண்டு. முயல் அதில் மாவுச்சத்தும் இனிப்பும் உள்ளதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, நார்ச்சத்து உள்ளதை அப்படியே விட்டுவிடும். குழந்தைகள் மிக்சரில் முந்திரியைப் பொறுக்குவது உங்களுக்குத் தெரியாததா?

எல்லாம் தேய்மானக் குறைவால்தான் என்று இதை முடித்துவிட முடியாது. பிரிட்டனில் முயல் மருத்துவத்துக்குப் பேர்போன ஃபிரான்சஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 1990-களில் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார். கூண்டுக்குள்ளேயே கிடக்கும், பொறுக்கித் தின்னும் முயல்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைகிறது. தாடை எலும்பு வலுவிழக்கிறது. எலும்பு பல்லை இறுகப் பிடிக்காததால் பல் கோணுகிறது, அதன் அடிப்பகுதி எலும்புக்குள் நீள்கிறது என்றார். வெளியே சுதந்திரமாகத் திரியும் முயல்களையும் கூண்டு முயல்களையும் ரத்தப் பரிசோதனையில் ஒப்பிட்டும் பார்த்தார். விலங்குப் பல் மருத்துவரான டேவிட் கிராஸ்லி போன்றவர்கள் தேய்மானக் குறைவையே முதல் காரணமாக வைத்தார்கள். இந்த வழக்கில் யார் பக்கம் சேர்ந்தாலும் முயலுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றேதான்: நிறையப் புல், கொஞ்சம் வெயில், ஓடியாட இடம்.

வெயில் என்றதும் ஒரு விஷயம். நம் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். அடுக்குமாடி வீட்டில் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் முயலுக்குப் பஞ்சம்தான். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்காக மே மாதத்து மத்தியானத்தில் மொட்டை மாடியில் விட்டுவிடாதீர்கள், வெப்பம் தாங்காமல் செத்தே போகும். காலை இளவெயில் போதும், பக்கத்தில் ஒதுங்க நிழலும் வேண்டும்.

காது தொங்கும் 'லாப்' வகை முயல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். 2019-இல் இங்கிலாந்தில் ஒரு காப்பகத்தில் 15 தொங்குகாது முயல்களையும் 15 நிமிர்காது முயல்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தொங்குகாதுக்காரர்களுக்குப் பல் கோளாறும் காதுக் கோளாறும் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. செய்தி பரவலாக வெளியானது. தொங்குகாது என்றாலே பல் போச்சு என்று பேச்சும் பரவியது. பிறகு 2024-இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள், மருத்துவமனைக்கு வந்த சுமார் 1.6 லட்சம் முயல்களின் பதிவுகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அதில் தொங்குகாது வகைக்கோ சப்பை மூஞ்சி வகைக்கோ பல் நோய் ஆபத்து கூடுதலாகத் தெரியவில்லை. வயது ஏற ஏற ஆபத்து ஏறியது. ஆனால் ஒரே ஆண்டில் முயல்களில் 15 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு பல் நோயோடு இருந்தன. ஆறு முயலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். காதைப் பார்த்துப் பயப்படுவதைவிட வயதைப் பார்த்துக் கவனமாக இருப்பதே மேல் என்று தோன்றுகிறது. இருந்தாலும், மிகக் குட்டை இனங்களில் பிறவியிலேயே கீழ்த்தாடை முன்தள்ளி முன்பல் பொருந்தாமல் போவது உண்மை. அது பரம்பரையாக வரும். குட்டி வாங்கும்போதே உதட்டை மெல்ல விலக்கி, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் இறங்கி நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முயல் வலியைக் காட்டாது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிப் பழகிய பிராணி. நோவைக் காட்டினால் முதல் பலி அதுதான். ஆகவே சின்னச் சின்னதாகத்தான் தெரியும். தாடைக்குக் கீழே ரோமம் நனைந்திருக்கும், எச்சில் வழிகிறது என்று அர்த்தம். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். "கண்ணுல தூசி" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் மேல்பல்லின் அடிப்பகுதி மேல்நோக்கி நீண்டு, கண்ணீர்க் குழாயை அமுக்கிக்கொண்டிருக்கும். தாடையின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டினால் மேடு மேடாகத் தட்டுப்படலாம். கீழ்ப்பற்களின் அடிப்பகுதி எலும்பைத் தள்ளுகிறது. புழுக்கை சிறுத்துப்போகும், குறைந்துபோகும். முன்னெல்லாம் உலர்புல்லுக்கு ஓடிவந்தது இப்போது மென்மையான கீரைக்கு மட்டும் வரும். பின்பக்கம் அழுக்காகவே இருக்கும், வாய் வலிக்கும்போது அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது.

இதில் எதையும் நம்பாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை முயலை ஒரு பாத்திரத்தில் உட்காரவைத்து எடை போட்டுக் குறித்துவையுங்கள். ரோமத்துக்குள் மறைந்திருக்கும் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, எண்ணில் தெரிந்துவிடும். (பிறகு பாத்திரத்தைக் கழுவிவைக்கவும். வீட்டில் சண்டை வேண்டாம்.)

பன்னிரண்டு மணி நேரமாக எதுவுமே தின்னவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். நின்றால் வாயு உப்பி, வலி கூடி, அந்த வலியால் இன்னும் சாப்பிடாமல், சுழலில் மாட்டிக்கொள்ளும். பல் நோயில் சாகும் முயல்கள் பலவும் பல்லால் சாவதில்லை, குடல் நின்று சாகின்றன.

இந்த நேரத்தில்தான் அந்த ஆபத்தான நல்ல எண்ணம் வரும். பிரிட்ஜில் குழந்தைக்குக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறதே, இரண்டு சொட்டு கொடுத்தால் என்ன?

கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழியும்; கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நச்சைக் கக்கும்; முயல் செத்துப்போகும். நமக்கும் நாய்க்கும் சாதாரணமான மருந்து. விசித்திரம் என்னவென்றால் பென்சிலினையே சில சமயம் முயலுக்கு ஊசியாகப் போடுகிறார்கள், வாய்வழிதான் கொல்லும். எந்த மருந்து, எந்த வழி என்பதை முயல் தெரிந்த கால்நடை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவர் என்றால், முயலுக்கு வைத்தியம் செய்த அனுபவம் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் காது பார்க்கும் கருவியை வாயோரம் நுழைத்துக் கடைவாயைப் பார்ப்பார்கள். முயல் விழித்திருக்கையில் எல்லாமே தெரிந்துவிடாது. முழுசாகப் பார்க்க மயக்க மருந்தும், பல்லின் அடிப்பகுதி எந்தப் பக்கம் போகிறது என்று அறிய எக்ஸ்ரேயும் வேண்டும். மயக்க மருந்து என்றால் பயம் நியாயமானதே. பிரிட்டனில் 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மயக்க மருந்து சார்ந்த இறப்பு நாய்க்கு 0.17 சதவீதம், பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39. ஆகவே எடை, நீர்ச்சத்து, குடல் ஓட்டம் எல்லாம் சரிபார்த்துத்தான் செய்வார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: "ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குப்போல் நீண்ட பட்டினி தேவையில்லை. பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும்.

மயக்கத்தில் வைத்துக் கூர்முனைகளைத் தேய்த்துவிட்டால் பல முயல்கள் ஓரிரு நாளில் புல்லுக்குத் திரும்பிவிடும். ஆனால் கோணிய பல் கோணியதுதான், சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி போக வேண்டியிருக்கும். இடையில் தீவனப் பொடியைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டுவது, வலி மருந்து கொடுப்பது எல்லாம் வீட்டு வேலை. பொறுமை வேண்டும், பழைய சட்டையும் வேண்டும்.

சீழ்க்கட்டி வந்துவிட்டால் கதை நீளம். முயலின் சீழ் நீராக இருக்காது, கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் வடிந்துபோகும் என்று எண்ண முடியாது. கட்டியை உறையோடு அகற்றி, காரணமான பல்லையும் பிடுங்கி, புண்ணை வாரக்கணக்கில் கழுவி ஆற்ற வேண்டும். திரும்பி வருவதும் உண்டு.

இத்தனைக்கும் முன்னால் நிற்பது புல். டைமோதி ஹே என்று இறக்குமதியாகி வரும் பாக்கெட்டின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் நிறைய. வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முயலைப் பட்டினி போடவோ மூஸ்லிக்குத் தாவவோ அவசியமில்லை. பிள்ளையார் கோவில் வாசலில் விற்கும் அருகம்புல் இருக்கிறது (மருந்து அடிக்காததாகப் பார்த்து நன்றாகக் கழுவுங்கள்). கினியா புல், கொழுக்கட்டைப் புல் எல்லாம் தீவனப்பயிராகவே விளைகின்றன. வெட்டி நிழலில் உலர்த்தி வைக்கலாம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே முயல் வளர்க்கிறது, நம் நாட்டில் முயலை வளர்க்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். குதிரைமசால் வளரும் குட்டிக்குச் சரி, வளர்ந்த முயலுக்குக் கால்சியம் அதிகமாகிவிடும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், அதில் சத்து போதாது. எந்தப் புல்லானாலும் முயலின் உடம்பளவு குவியல் ஒவ்வொரு நாளும் முன்னால் கிடக்க வேண்டும். உருண்டைத் தீவனம் அதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி.

பிறவியிலேயே முன்பல் பொருந்தாத முயலுக்குப் புல் மலையே போட்டாலும் முன்பல் தேயாது. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாக, ஒளிந்திருக்கும் இரண்டையும் சேர்த்து ஆறு முன்பற்களையும் மருத்துவர் பிடுங்கிவிடுவதுண்டு. கேட்கவே பகீர் என்கிறது. ஆனால் முயல் முன்பல்லால் வெட்டுகிறதே தவிர மெல்லுவதில்லை. கடைவாய் நன்றாக இருந்தால் உதட்டாலேயே உணவைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகிவிடும். அடிப்பகுதியில் பல்கூழ் மிச்சம் இருந்தால் பல் திரும்ப முளைக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வேலை கூடும். கீரையையும் காயையும் மெல்லிய கீற்றாக நறுக்கிப் போட வேண்டும். ரோமத்தைச் சீவிவிடுவதும் இனி அவர்கள் பொறுப்பு, இதுவரை அதன் சீப்பும் அந்த முன்பற்கள்தான்.